செக்கடித் தெருவின் ஈக்கள்

செக்கடித் தெரு முக்கு வந்ததும் ஷேர் ஆட்டோவின் கண்ணாடிகள் தாமாகவே மேலேறிக்கொண்டன. தெருமுனைக் கம்பத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தால் அந்த வழியே போகும் எல்லா வண்டிகளும் அப்படித்தான் செய்யும். ஆனால் மஞ்சள் விளக்குத் தெருவிலும் மனிதர்கள் ஏறுவார்கள் என்பதால் வண்டி நிற்க வேண்டியிருந்தது.

ஏறியவளுக்கு ஐம்பது வயது இருக்கும். மடியில் ஓர் எவர்சில்வர் டப்பா. மூடிக்குப் பதிலாக வலைத்துணியைப் போட்டு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தாள். உள்ளே ஏதோ ரீங்கரித்தது. எதிரில் இருந்த பெரியவர் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் இருந்த சங்கரவடிவு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். அதில் அவளுக்குத் தவறாக எதுவும் படவில்லை. அந்த விளக்கை மஞ்சளாக்கியதே அவள்தான்.

"டப்பாவுல என்னம்மா? வண்டு கணக்கா சத்தம் போடுது" என்றார் பெரியவர்.

"ஈ."

"ஈயா?"

"எங்க தெரு ஈ. முனிசிபாலிட்டிக்குக் கொண்டு போறேன். மூணு வருசமா அதத்தான எண்ணுதாவ. கம்பம் வச்சு எண்ணுவானேன், டப்பாவுலயே குடுத்திருவோம்னு."

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். வடிவு சிரிக்கவில்லை. டப்பாக்காரியும் வடிவும் நகராட்சி வாசலில் இறங்கினார்கள்.

ஊரில் முந்நூறு கம்பங்கள் இருந்தன. ஈயறி என்று அதற்குப் பெயர். ஆள் உயரக் கம்பம். தலையில் கையகல ஒளித்திரை. ஈ ஒன்று அதன் குறுக்கே பறந்தால், நொடிக்கு இருநூறு தடவை அளவில் அடிக்கும் அதன் சிறகு ஒளியை வெட்டும். வெட்டும் வேகத்தை வைத்தே அது ஈயா கொசுவா என்று கம்பம் அறிந்துகொள்ளும். அதே கணம் மேலிருந்து ஒரு படம் எடுக்கும். அவ்வளவுதான், ஈ தன் பாட்டுக்குப் போய்விடும், தான் சாட்சி சொல்லிவிட்டோம் என்று தெரியாமலே.

ஈ என்ன சாட்சி சொல்லும்? எங்கே பிறந்தோம் என்று சொல்லும். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஈ. உண்மையில் ஒவ்வொரு சாதி ஈக்கும் ஒரு பிடித்த அழுக்கு உண்டு, அதில்தான் முட்டையிடும். ஊசிபோல் வாயை முன்னால் நீட்டிக்கொண்டு காலைக் கடிப்பது தொழுவ ஈ. சாணமும் வைக்கோலும் கலந்து மட்கும் இடம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எங்கும் உட்காராமல் அறையின் நடுவே கோணல்மாணலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் சின்ன ஈ, கோழி எச்சத்தைக் காட்டிக்கொடுக்கும். முதுகில் நான்கு மெல்லிய கோடுகள் இருந்தால் வீட்டு ஈ. குப்பைத் தொட்டி, எச்சில் இலை, எதிலும் வளரும். அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் நான்குக்குப் பதில் இரண்டு பட்டைக் கோடுகள் இருந்தால் அது சந்தை ஈ. அது விரும்பி வளர்வது திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தில். மூடிய குழியில் அது வளராது. பிறகு நேரே போய்க் குழந்தைகளின் கண்பீளையில் உட்காரும். ஒரு கண்ணின் நோயை இன்னொரு கண்ணுக்குக் கொண்டுபோகும்.

எனவே ஒரு தெருவில் சந்தை ஈ என்றால், அந்தத் தெருவில் யாரோ வெளியே போகிறார்கள். பச்சை விளக்கு மஞ்சளாகிவிடும்.

கண்ணோய் குறைந்தது உண்மை. கூடவே வேறொன்று வளர்ந்தது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதற்கு முன் தெருவிளக்கைப் பார்த்தார்கள். விருந்தாளி வரும் நாளில் ஈயைப் பிடித்துப் புட்டியில் அடைத்து அடுத்த தெருவில் திறந்துவிடுகிற குடும்பங்கள் இருந்தன. மூன்று ஆண்டு தொடர்ந்து மஞ்சளாக இருக்கும் தெருவில் சாப்பாட்டுக் கடைகள் அத்தனைக்கும் சீல் வைக்கலாம் என்று விதி வந்தது. கம்பம் வந்து மூன்றாண்டு ஆகியிருந்த செக்கடித் தெருவுக்கு அன்று மாலை நான்கு மணிக்கு அந்தக் கெடு.

"அறுபத்திரெண்டு வீடு சார் எங்க தெருவுல" என்றாள் டப்பாக்காரி. அவள் பெயர் பிரம்மசக்தி. முக்கில் வடைக்கடை போட்டிருப்பவள். நலஅலுவலர் தவசிமுத்துவின் மேசை முன் அவள் உட்காராமல் நின்றாள். "அறுபத்திரெண்டுலயும் கக்கூஸ் இருக்கு. உங்க ஆளுவளே எண்ணிட்டுப் போயிருக்காவ. பொறவு யாரு வெளிய போறா? ஒரு ஆள காட்டுங்க, நானே கடைய மூடிட்டுப் போறேன்."

"மிஷின் பொய் சொல்லாதும்மா."

"அப்போ அறுபத்திரெண்டு வீடும் பொய் சொல்லுதோ?"

தவசிமுத்து வடிவைப் பார்த்தார். "வடிவம்மா, நீங்க கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க. ஈ இனம் பிரிச்சுச் சொல்லுததுல இவிய மாநிலத்திலயே முதல் ஆளு. தங்கக் கண்ணுன்னு விருது குடுத்திருக்கு."

கம்பம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ஈக்களைத் தானே அறிந்துகொள்ளும். மிச்சம் மூன்றில் தடுமாறும். அந்தப் படங்கள் வடிவின் திரைக்கு வரும். அவள் சொல்வதே முடிவு. அவள் சொன்னதைப் பார்த்து இயந்திரம் தன்னைத் திருத்திக்கொள்ளும். எட்டு ஆண்டுகளில் இரண்டு லட்சம் ஈக்களுக்குத் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

விளக்கிச் சொல்வது அவளுக்குப் பிடித்த வேலை. டப்பாவை வாங்கிக்கொண்டு ஆய்வறைக்குப் போனாள், பிரம்மசக்தியையும் கூப்பிட்டாள். மயக்க மருந்தான ஈதரில் நனைத்த பஞ்சை வலைத்துணி மேல் வைத்ததும் ரீங்காரம் அடங்கியது. ஓர் ஈயை இடுக்கியால் எடுத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்தாள்.

"இதுல பாருங்க. முதுகு தெரியுதா? எத்தனை கோடு?"

பிரம்மசக்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். "ரெண்டு."

"ரெண்டுதான. வீட்டு ஈன்னா நாலு இருக்கும். சிறகு நரம்ப வச்சு இந்த ரெண்டையும் பிரிக்க முடியாது, ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் மடங்கும். ஆண் ஈன்னா ரெண்டு கண்ணுக்கும் நடுவுல உள்ள இடைவெளிய வச்சு ஒருமாதிரி கண்டுபிடிக்கலாம். இது பொட்டை. அதனால கோடு ஒண்ணுதான் சாட்சி. நீங்களே எண்ணிச் சொல்லிட்டீய."

பிரம்மசக்தியின் முகம் வாடிவிட்டது. "எங்க கடையில பிடிச்சதுதான்" என்று மட்டும் சொன்னாள். டப்பாவை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினாள். அப்போது அவள் முழங்கை இடித்து, உருப்பெருக்கியின் அடியில் இருந்த ஈ பக்கத்து ஈதர்க் கிண்ணத்துக்குள் விழுந்தது.

"போவட்டும். நான் எடுத்துப் போடுதேன்" என்று வடிவு அதை வெளியே எடுத்து வடிதாளில் வைத்தாள். ஈதர் நொடியில் காய்ந்துவிடும். காய்ந்ததும் பழக்கத்தால் லேசாக ஊதினாள். பழக்கத்தாலேயே உருப்பெருக்கியில் கண்ணை வைத்தாள்.

நான்கு கோடுகள்.

வேறு ஈயை எடுத்துவிட்டோமோ என்று தோன்றியது. டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். இரண்டு கோடு. ஈதரில் முக்கி எடுத்து, உலரவைத்து, ஊதினாள். நான்கு கோடு. மூன்றாவது ஈயும் அப்படியே. நான்காவதை முக்குவதற்கு முன் அதன் முதுகை வடிதாளில் ஒற்றிப் பார்த்தாள். காகிதத்தில் மிளகளவு எண்ணெய்ப் பொட்டு.

அவளுக்குத் தெரியாத விஷயமல்ல அது. ஈயின் முதுகில் கோடுகளுக்கு இடையே தெரியும் சாம்பல், நிறமே அல்ல. சுவரில் சுண்ணாம்பு அடித்ததுபோல் படிந்திருக்கும் நுண்ணிய பொடித் தூவி. அதில் எண்ணெய் பட்டால் ஈரச் சுவர்போல் கறுத்துவிடும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒட்டிக்கொள்ளும். நான்கு, இரண்டாகும். பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்: எண்ணெய் பட்ட ஈயை நம்பாதே.

செக்கடித் தெருவில் ஆறு செக்கு ஓடுகிறது. பன்னிரண்டு வாணலி காய்கிறது. அந்தத் தெருக் காற்றில் துணி உலர்த்தினால் துணியே பிசுக்குப் பிடிக்கும். தெருப் பெயரிலேயே எண்ணெய் இருந்தும் மூன்று ஆண்டுகளாக அவளுக்கு அது தோன்றவில்லை.

"என்ன மேடம்?" என்றாள் பிரம்மசக்தி.

"ஒண்ணுமில்ல. நீங்க கடைக்குப் போங்க. நாலு மணிக்கு முன்ன நானே வந்து சொல்லுதேன்."

"நல்லதா, கெட்டதா? அத மட்டும் சொல்லிருங்க."

வடிவு கதவைத் திறந்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்பது கதவு சாத்திய பிறகுதான் உறைத்தது.

எண்ணெய் தன் நினைவுக்கு ஏன் வரவில்லை? அதைத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பழைய படங்களைத் திரையில் வரவழைத்தாள். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு வரி இருந்தது: கம்ப எண், தெரு, நேரம். கடிதத்தைப் பிரிப்பதற்கு முன் யார் அனுப்பியது என்று பார்ப்பதுபோல, தன் கண் முதலில் அந்த வரிக்குப் போவதை அன்றுதான் கவனித்தாள். முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்துத் திரையின் அடியில் நீளமாக ஒட்டினாள். வரி மறைந்தது. ஐம்பது படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தாளில் எழுதினாள். எண்ணெய் பட்டதில் ஒரு மினுமினுப்பு இருக்கும். உண்மையான இரண்டு பட்டை மங்கலாக, மை போல இருக்கும். தேடுகிறவளுக்கு அது தெரிந்தது. பத்து நொடி போதுமாக இருந்தது.

பிறகு பிளாஸ்திரியை உரித்தாள்.

செக்கடித் தெருப் படங்கள் பதினெட்டு. பதினேழு வீட்டு ஈ. அத்தனையையும் சந்தை ஈ என்று தீர்த்திருந்தாள். அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று. நகராட்சி வளாகக் கம்பத்தின் படங்கள் பன்னிரண்டு இருந்தன. அதில் ஒன்பது, மையால் இழுத்ததுபோன்ற இரண்டு பட்டைகளோடு, அப்பட்டமான சந்தை ஈ. அவற்றுக்கு அவள் கொடுத்திருந்த தீர்ப்பு: வீட்டு ஈ.

நினைவு வந்தது. கம்பம் நட்ட முதல் வாரம், நகராட்சி வாசலிலேயே மஞ்சள் விளக்கு எரிந்தது. எல்லோரும் சிரித்தார்கள். 'மிஷினுக்குப் புத்தி பிசகிட்டு' என்று அவளும் சிரித்துத்தான் திருத்தினாள். திருத்தத் திருத்த அது பச்சையாயிற்று.

ஆனால் ஈ பிசகவில்லை. ஈ எங்கே பிறந்தது என்று பார்க்க அவள் எழுந்துகூடப் போக வேண்டியதில்லை. தலையைத் திருப்பினால் போதும். மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் ஒரு சாவி தொங்கியது. பெண்கள் கழிப்பறைச் சாவி. சாவி அட்டையில் 'அலுவலர்களுக்கு மட்டும்' என்று வடிவின் கையெழுத்தில் எழுதியிருந்தது. அலுவலகத்தைப் பெருக்கவும் ஊர்க் கம்பங்களின் கண்ணாடியைத் துடைக்கவும் இருபத்திரண்டு பெண்கள் வந்து போகிறார்கள். அவர்கள் ஒதுங்க மதிலுக்குப் பின்னால் உடைமரக் காடுதான் இருக்கிறது. ஒரு மழைநாளில் கோமு என்கிற பெண் கதவோரம் நின்று, "மேடம், சாவி ஒரு நிமிசம்..." என்று கேட்டாள். வடிவு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது ஸ்டாஃபுக்கு" என்றாள். அப்போது திரையில் இருந்த ஈக்கு எத்தனை கோடு இருந்திருக்கும்?

சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கோமுவும் இன்னும் நாலு பேரும் சைக்கிள் கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்தார்கள்.

"இருங்க, இருங்க. கோமு, இந்தச் சாவி இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்."

கோமு இடது கையால் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "பெரிய ஆளுவ யாரும் வாராவளா மேடம், இன்னைக்கு?"

"இல்ல."

"பொறவு எதுக்கு?"

வடிவு தவசிமுத்துவின் அறைக்கு நடந்தாள்.

தவசிமுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சரி. செக்கடித் தெருவுக்கு ஒரு வாரம் தள்ளிவச்சு ஆர்டர் போட்டிருதேன். எண்ணெய்னு எழுதிருவோம், யாரும் தப்பு சொல்ல மாட்டாவ. ஆபீஸ் கம்பத்த ஏன் கிளறுதீய?"

"அதுலயும் நான்தான் சார் தப்பு பண்ணியிருக்கேன்."

"இருக்கட்டும். மிஷினே இப்போ படிச்சிட்டுல்லா. இனிமே உங்க வரைக்கும் வராது, அதுவே பாத்துக்கிடும்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மிஷின் தன்னிடமிருந்து எதைப் படித்திருக்கும் என்று வடிவு யோசித்தாள். "மேசைக்கண்ண எடுங்க சார்" என்றாள்.

மேசைக்கண் என்பது கம்பத்தின் தலையை மட்டும் கழற்றி மேசையில் வைத்ததுபோன்ற சோதனைக் கருவி. ஈதரில் கழுவிய ஈயை, நான்கு கோடும் பளிச்சென்று தெரியும் ஈயை, அதன் அடியில் வைத்தாள். கருவி இடம் கேட்டது. செக்கடித் தெரு என்று கொடுத்தாள்.

சந்தை ஈ. உறுதி தொண்ணூற்றொன்பது.

ஈயைத் தொடவில்லை. இடத்தை மட்டும் மாற்றி, நகராட்சி வளாகம் என்று கொடுத்தாள்.

வீட்டு ஈ. உறுதி தொண்ணூற்றொன்பது.

தவசிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்தார். "அலுவலர் குடியிருப்புன்னு போடுங்க." வீட்டு ஈ. "குடிசைப் பக்கம், மேட்டுக் காலனி?" சந்தை ஈ. ஈ ஒன்றுதான், அசையாமல் கிடந்தது. அவர் தன் சட்டைப் பொத்தானை அறுத்து அதன் அடியில் வைத்தார். செக்கடித் தெரு. சந்தை ஈ, உறுதி எண்பத்தெட்டு.

தவசிமுத்து பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

இயந்திரம் சோம்பேறி அல்ல, சிக்கனக்காரன். அதற்கு வேண்டியது வடிவின் பதிலோடு ஒத்துப்போவது. முதுகுக் கோட்டை எண்ணுவது கடினமான வழி. அடியிலுள்ள வரியைப் படிப்பது எளிய வழி. எட்டு ஆண்டுப் பதில்களில் எளிய வழியே அதிகம் சரியாக வந்தது. அதனால் அது ஈக்களைப் படிப்பதை விட்டுவிட்டுத் தெருக்களைப் படித்துக்கொண்டது.

"இது நம்ம ஊரோட நிக்கும்லா?" என்றார் தவசிமுத்து, கேட்கும்போதே பதில் தெரிந்தவர்போல.

நிற்காது. தங்கக் கண் என்பதற்கு அர்த்தம் அதுதான். அவள் பதில்களைத்தான் மாநிலத்தின் எல்லா ஊர்க் கம்பங்களுக்கும் பாடமாக வைத்திருந்தார்கள். அவள் கால்வைக்காத ஊர்களில், அவள் பெயர் கேள்விப்படாத தெருக்களில், செக்கடித் தெருவைப்போல நெருக்கமான, பழைய, ஏழைத் தெருக்களில் எல்லாம் வடிவின் கண் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு கம்பத்துக்கும் அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டாள். தன் விருதுச் சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றலாமா என்று நினைத்தாள். கழற்றினால் அதையும் யாராவது பெருந்தன்மை என்பார்களோ என்று பயந்து, அப்படியே விட்டுவிட்டாள்.

செக்கடித் தெருவுக்கு அவள் நடந்தே போனபோது மணி மூன்றே முக்கால். பிரம்மசக்தி அடுப்பை அணைக்கவில்லை. வாணலியில் உளுந்து வடை பொரிந்துகொண்டிருந்தது. வடிவு கடை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெய், தூவி, நான்கு கோடு, தன் கண், அடியிலுள்ள வரி, எதையும் விடவில்லை. சீல் வைக்க யாரும் வர மாட்டார்கள் என்றாள்.

"அப்போ விளக்கு?"

"விளக்க மிஷின்தான் போடுது. அதுக்குத் திரும்ப முதல்லருந்து சொல்லிக்குடுக்கணும். எத்தன மாசம் ஆவும்னு தெரியல்ல."

பிரம்மசக்தி கரண்டியால் வடைகளைத் திருப்பினாள். "எம்மவளப் பாக்க வந்தவிய இந்த முக்கு வரைக்கும் வந்தாவ. விளக்கப் பாத்துட்டு வண்டியத் திருப்பிட்டுப் போயிட்டாவ. எறங்கக்கூட இல்ல. அவியகிட்ட யாரு போய்ச் சொல்லுவா, அது எண்ணெய்னு?"

"மன்னிச்சிருங்க."

"காலையில ஆட்டோவுல முந்தானைய இழுத்துச் சொருகுனீயள்லா. அப்பமே எனக்குத் தெரியும், நீங்க அந்த ஆபீசுதான்னு." கோபமில்லாமல்தான் சொன்னாள். இரண்டு வடையை வடித்தெடுத்து வாழையிலை நறுக்கில் வைத்து நீட்டினாள். "நடந்து வந்திருக்கீய. தின்னுங்க."

வடிவு வாங்கிக்கொண்டாள். சூடு இலையைத் தாண்டி உள்ளங்கையில் இறங்கியது. ஓர் ஈ வந்து வடையின் விளிம்பில் உட்கார்ந்து முன்கால்களைத் தேய்த்தது. சாதாரண ஈ. கைக்கெட்டும் தூரத்தில், சாயங்கால வெயிலில், முதுகைக் காட்டிக்கொண்டு.

வடிவின் கண் மேலே போனது. கம்பத்துக்கு. மஞ்சள். அதைப் பார்த்த பிறகே ஈயிடம் இறங்கியது. ஒரு நொடிகூட இருக்காது.

பிரம்மசக்தி பார்த்துவிட்டாள். வாணலிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "மிஷினக் கொறை சொல்லாதீய மேடம். அது உங்களப் பாத்து நல்லாத்தான் படிச்சிருக்கு" என்றாள்.

வடிவு மறுபடி குனிவதற்குள் ஈ பறந்துவிட்டது. அதன் முதுகில் எத்தனை கோடு இருந்தது என்று அவள் பார்க்கவே இல்லை.